பெயர் நிற்கும் இடம்

ஆர்னல்ட்,

நீ ஹல் நகரத்திலிருந்து வந்து சேர்வதற்குள் நான் பள்ளிக்குப் போயிருப்பேன். ஆட்டிறைச்சி ஸ்டூ அடுப்பின் மேல் இருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடு.

பெஸ் செத்ததும் என் கண்ணில்கூடக் காட்டாமல் தோட்டத்தில் புதைத்துவிட்டாய். கேட்டதற்கு, "நாய்தானே ஹில்டா, அதுக்குப் போய் இப்படி அழுவியா" என்றாய். அந்தக் கோபத்தில்தான் வகுப்புக்கு எழுதிய சொல் அட்டைகளைக் கணப்படுப்பின் மேல்தட்டில் வரிசையாக அடுக்கினேன். முதலில் உன் பெயர், நடுவில் 'புதைத்தது' என்கிற வினை, கடைசியில் பெஸ்.

மறுநாள் காலையில் பெயர்கள் இரண்டும் இடம் மாறியிருந்தன. நீதான் சீண்டுகிறாய் என்று நினைத்து, பழையபடி திருப்பி வைத்தேன். நம் இங்கிலீஷில் பெயருக்கு உருபு எதுவும் ஒட்டாது என்று பிள்ளைகளிடம் தினமும் தொண்டை வறளச் சொல்கிறேன். வினைக்கு முன்னால் நிற்பவர் செய்கிறவர், பின்னால் நிற்பவர் அகப்பட்டுக்கொண்டவர். இடம் மாறினால் தலையெழுத்தே மாறிவிடும்.

நேற்று ராத்திரி நீ வீட்டில் இல்லை. இன்று காலையிலும் மாறித்தான் இருந்தன. சரியாக வைத்திருக்கிறேன், தொடாதே. என் கோபமெல்லாம் போய்விட்டது.

ஹில்டா

பி.கு.: தோட்டத்துக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போகிறேன். திட்டாதே.

இன்னொன்று. பெஸ்ஸைப் புதைத்த இடம் திறந்து கிடக்கிறது, அவள் அதில் இல்லை. குழி முன்னைவிட நீண்டிருக்கிறது. உன் உயரம் இருக்கும்.