பெட்டி மட்டும் ஒரிஜினல்

என்னங்க,

இன்றைக்குக் காரை எடுக்காதீர்கள். சாவியை நானே கொண்டுபோகிறேன். பாப்பாவைப் பள்ளிக்கு நடத்தியே கூட்டிப் போங்கள், சாப்பாடு கட்டி வைத்திருக்கிறேன்.

டாக்சிக்காரர் வண்டி பிரேக் பிடிக்காமல் சுவரில் மோதியதிலிருந்து மூன்று நாளாக நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை. "என் கைதான் எங்கயோ தப்புப் பண்ணிடுச்சு" என்று நேற்றும் புலம்பினீர்கள். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே இருந்தேன். கல்நெஞ்சுக்காரி என்றீர்கள். சரிதான்.

உங்கள் கைமேல் தப்பே இல்லை. அவர் வண்டிக்குப் பிரேக் பேடை மாட்டும் முன் நம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குள் வந்து என்னிடம் கேட்டீர்களே, "ஒரிஜினல்தானே?" என்று. "பெட்டியப் பாருங்க" என்றேன். பெட்டி மட்டும்தான் ஒரிஜினல். கால் விலைக்கு வந்த டூப்ளிகேட்டைக் காலிப் பெட்டிகளில் போட்டு முழு விலைக்கு அடுக்கியது நான். ஒரிஜினல் இல்லை, வேறு கம்பெனிச் சரக்கென்று சொல்லியே விற்றிருக்கலாம். அதிலும் நல்லது உண்டு, நீங்கள் பார்த்துப் பொறுக்கியிருப்பீர்கள். எனக்குத்தான் புத்தி போகவில்லை.

அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கும் டாக்சிக்காரரின் மனைவியிடம் இதைச் சொல்லிவிட்டு, அங்கிருந்தே போலீஸ் ஸ்டேஷன் போகிறேன். பின்னால் வராதீர்கள்.

கடையைத் திறக்க வேண்டாம். அலமாரியில் எது நல்லது, எது நான் மாற்றியது என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

போன மாதம் நம் காருக்கு நீங்கள் மாட்டிய பேடும் அதே அலமாரியிலிருந்து வந்ததுதான். நல்லதாகப் பார்த்துத்தான் எடுத்துக் கொடுத்தேன். ஆனால் பாப்பா தலையில் அடித்துச் சத்தியம் பண்ணச் சொன்னால் என்னால் முடியாது.