கோரோகுவின் கைகள்

நகோயா
ஜூன் 14

அன்பு மகள் ஷினோபுவுக்கு,

நானும் அப்பாவும் இங்கே உயிரோடு இருக்கிறோம், உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை, லிஸ்பனில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். மழை பிடித்து ஒன்பது நாள் ஆகிறது, துவைத்தது எதுவும் காயவில்லை, வீடு முழுக்க ஈரத்துணி வாடை. நீ அனுப்பிய மத்தி மீன் டப்பாக்கள் வந்தன, எண்ணெய் அதிகம், இனி அனுப்பாதே. இரண்டைப் பக்கத்து வீட்டு நோனகாகி அம்மாளுக்குக் கொடுத்தேன், அவள் வாயை அடைக்க வேண்டியிருந்தது.

கோரோகு கொரில்லா வீடியோ விளையாட்டு வந்து முப்பத்தைந்து வருஷம் ஆனதற்கு அப்பாவின் கம்பெனியில் கண்காட்சி வைத்தார்கள். அப்பாவுக்கு அழைப்பு வந்ததும் தலைகால் புரியவில்லை. உனக்குத்தான் தெரியுமே, அந்தக் கொரில்லாவைத் தானே பெற்றதுபோல "எங்க கோரோகு" என்பார், செருப்பு அலமாரி மேலே பொம்மை வைத்து தினமும் துடைப்பார். முப்பத்தெட்டு வருஷம் பொது அலுவல் பிரிவில் டியூப்லைட் மாற்றிய மனிதர், அந்த விளையாட்டை ஒருநாள் ஆடிப் பார்த்ததில்லை. தனியாகப் போயிருக்கலாம், பூங்காவில் அவரோடு பந்து தட்டும் கிழங்கள் ஐந்து பேரையும் நோனகாகி அம்மாளையும் கூட்டிக்கொண்டு போனார், நானும் புதுக் குடையோடு பின்னாலே போனேன்.

இரண்டாவது அறையில் கண்ணாடிக்குள் முதன்முதல் வரைந்த படம் இருந்தது. ஏணியில் ஒரு ஆள், கக்கத்தில் டியூப்லைட், வாயில் உரித்த வாழைப்பழம், மடித்துவிட்ட கைகளில் புதர் மாதிரி ரோமம். பக்கத்தில் அதே ஏணி, அதே வாழைப்பழம், ஆளுக்குப் பதில் கொரில்லா. கீழே பெரிய எழுத்தில், மூலம்: பொது அலுவல் பிரிவு, இவாசே. யோசனை: வரவேற்பு மேசை, செல்வி முகாய். நோனகாகி அம்மாள் அதை உரக்கப் படித்துவிட்டு, "அட, இவாசே சான், இது நீங்கதானே, அந்தக் கையைப் பாருங்களேன், அச்சு அசல்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். பிறகு அடுத்த வரியைப் படித்தார். கல்யாணத்துக்கு முன்னால் நான் முகாய் என்பது அவருக்கு மறந்தா போகும்? மேலதிகாரிக்குக் குனிவதுபோல அந்தக் கண்ணாடிக்கு முன்னால் குனிந்தார், நாங்கள் அடுத்த அறைக்குப் போகும்வரை நிமிரவில்லை.

ஆமாம், நான்தான். இருபத்துமூன்று வயது. விளையாட்டுக்குப் படம் வரைகிற தொகுரா என் மேசைக்கு முன் நின்று கதாநாயகன் அமையவே மாட்டேன் என்கிறான் என்று புலம்பினார், ஏணியில நிக்கிறாரே அவரைப் பாருங்க, அப்படியே வரைஞ்சுக்குங்க என்றேன். சிரிப்பதற்காகச் சொன்னது. ஒன்றரை வருஷம் கழித்து அந்த ஏணிக்காரரையே கட்டிக்கொண்டேன். கல்யாணத்துக்கு படம் வரையும் பிரிவிலிருந்து ஒரு வாழைத்தார் வந்தது, அப்பா ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றிக் கடிதம் எழுதினார். கம்பெனியைக் குறை சொல்ல முடியாது, எங்கள் பெயரைப் போடலாமா என்று மார்ச்சிலேயே முறைப்படி கேட்டு அனுப்பியிருந்தார்கள். நான் அதை ஓய்வூதியத் தாள் என்று நினைத்துப் படிக்காமல் அவர் கையெழுத்து, என் கையெழுத்து இரண்டு இடத்திலும் குடும்ப முத்திரையைப் பதித்து அனுப்பிவிட்டேன்.

அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். பொம்மையைக் கழுவித் துடைத்து, எரியாத குப்பை எடுக்கும் நாள்வரை காத்திருந்து, சரியான பையில் போட்டு வைத்துவிட்டு வந்தார். மறுநாளிலிருந்து தினமும் காலையில் இரண்டு கையையும் மழிக்கிறார். எழுபத்திரண்டு வயதுத் தோல், அங்கங்கே வெட்டிக்கொண்டு பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறார், பார்க்கச் சகிக்கவில்லை. உரித்த கோழி மாதிரி இருக்கு என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

வியாழக்கிழமை சாப்பிடும்போதுதான் வாயைத் திறந்தார். "ஷினோபு பள்ளிக்கூடத்துக்குக் கோடையிலகூட முழுக்கைச் சட்டையே போட்டுக்கிட்டுப் போனாளே, அது இதுக்குத்தானா?" என்றார். உனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது என்றேன். சரி என்று குச்சிகளைக் கீழே வைத்தவர் அப்புறம் எடுக்கவில்லை. மூன்றாம் வகுப்பில் கோரோகு மகள் என்று கூப்பிட்டார்கள் என்று நீ அழுதுகொண்டு வந்தாய், நான் அன்றைக்கும் சிரித்தேன். அவருடைய கைகளை வாங்கிக்கொண்டு பிறந்தது உன் தலையெழுத்து, அதற்கு நான் பொறுப்பில்லை. சிரித்ததற்கு நான்தான் பொறுப்பு.

நேரத்துக்குச் சாப்பிடு, ரொட்டியை மட்டும் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. நோய் நொடி உன் பக்கம் வராமல் இருக்கட்டும், நல்ல பெயரோடு இரு.

ஒன்று மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அப்பாவோடு பேசும்போது அரைக்கைச் சட்டை போட்டுக்கொள். கை ரோமத்தை நீ மெழுகு வைத்துப் பிடுங்குகிறாய் என்று எனக்குத் தெரியும். முளைக்காவிட்டால் இந்த ஞாயிறு கூப்பிடாதே, அடுத்ததும் வேண்டாம். முளைத்த பிறகு கூப்பிடு. அதுவரை அவர் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
இவாசே தொமொயே