கூலண்ட் போன இடம்

பாளையங்கோட்டை,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் ரீபாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம். புனேயில் நீ சுகம்தானா என்று கேட்கப் போன் செய்தால், வேலையாக இருக்கிறேன் என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே நல்ல மழை. சர்ச் அசன விருந்து போன வாரம் நடந்தது. எல்லாரும் உன்னைக் கேட்டார்கள். நம் பழைய ஃபியட்டில்தான் போனோம். மறுநாள் கங்கைகொண்டான் வரை ஓட்டினார் அப்பா. இன்ஜின் சூடாகவில்லை. சூடு தணிக்க ரேடியேட்டரில் ஊற்றும் அந்தப் பச்சைக் கூலண்ட் ஒரு சொட்டு குறையவில்லை. நீ நம்பமாட்டாய்.

போன தடவை லீவில் வந்து அந்த இன்ஜினைப் பிரித்து நீயே புதுசாக்கினாய். ஓடவும் செய்தது. ஆனால் தினமும் காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கூலண்ட் குறைந்திருக்கும். தரையில் ஈரமில்லை. ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை. வெள்ளைப் புகையும் இல்லை. எங்காவது கசிகிறதா என்று பம்பு வைத்துக் காற்றடித்துப் பார்த்தாய். மத்தியானம் முழுக்க அழுத்தம் இறங்கவில்லை. விடிந்தால் பழைய கதைதான். இன்ஜினுக்குள்ளேயே ஹெட் கேஸ்கட் கசிகிறதோ என்று ஹெட்டை மறுபடி கழற்றி மாட்டினாய். அதற்காக லீவையும் நீட்டினாய். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

கடைசியில், உன் சிநேகிதி முஃபீதாவோடு சேர்ந்து தொடங்குவதாக இருந்த ஒர்க்‌ஷாப்பே வேண்டாமென்று அவளிடம் சொல்லிவிட்டாய். "எங்க வீட்டு வண்டியிலயே தண்ணி எங்க போவுதுன்னு தெரியல, ஊரான் வண்டிய எப்படித் தொடுவேன்" என்று நீ அழுதது இன்னும் என் காதில் கிடக்கிறது.

செவ்வாய்க்கிழமை வெந்நீர் போடத் தேங்காய் மட்டை எடுக்க ஷெட்டுக்குப் போனேன். மட்டைகளுக்குப் பின்னால் ஒரு நல்லெண்ணெய் டின். திறந்தால் பச்சைப்பசேலென்று கூலண்ட். வண்டிக்கு நீ ஊற்றியதேதான்.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மனுஷன் ஒத்துக்கொண்டார். அதிகாலை ஜெபம் முடிந்ததும் வண்டி துடைக்கப் போவாரே, அப்போது ரேடியேட்டருக்கு அடியில் இருக்கும் குழாயைத் திறந்து, சட்டியில் பையப் பிடித்து, அந்த டின்னில் ஊற்றி வைத்திருக்கிறார். ஆமென் சொன்ன வாய் மூடுமுன்னே இந்த வேலை! ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கத்தினேன். "வண்டி சரியாயிட்டுன்னா புள்ள பெட்டியக் கட்டிருவாள்லா சாரா. ரெண்டு நாளு கூட நிக்கட்டும்னுதான்" என்றார். வாய்விட்டுக் கேட்டிருக்கலாமே என்றேன். "கேட்டா லீவு இல்லன்னுருவா. வண்டின்னாதான நிக்கா" என்றார். "அவ ஒர்க்‌ஷாப்பயே விடுவான்னு நான் கண்டனா" என்று உட்கார்ந்துவிட்டார்.

உன்னிடம் சொல்லத்தான் போனை எடுப்பார், பார்ப்பார், வைத்துவிடுவார். உனக்காகவும் அவருக்காகவும்தான் இதை எழுதுகிறேன் ரீபா.

அவர்மேல் கோபப்படு, நியாயம்தான். உன் கைமேல் கோபப்படாதே. அது பிழை செய்யவில்லை. இதைப் படித்த கையோடு முஃபீதாவிடம் பேசு. அவள் இன்னும் வேறு ஆள் பார்க்காமல் இருக்க வேண்டும்.

இப்போதும் காலையில் எழுந்ததும் மூடியைத் திறந்து பார்க்கிறார். முழுக்க இருக்கிறது. நிறைந்த ரேடியேட்டரைப் பார்த்து இப்படி முகம் வாடுகிற மனுஷனை நான் கண்டதில்லை.

கிறிஸ்துமஸுக்கு வா மக்களே. வண்டியில் பழுது ஒன்றும் இல்லை. சும்மா வா.

உன் கை வேலையை ஆண்டவர் ஆசீர்வதிக்க வேண்டும் என்று ஜெபிக்கும்,
அம்மா
சாரம்மாள் கிருபைராஜ்