கொட்டாத தேனீக்கு ஒரு பெட்டி

வில்லாபுரம்,
ஞாயிற்றுக்கிழமை.

என் மருமகள் முத்துமீனாவுக்கு அத்தை சோலையம்மாள் எழுதுவது. இங்கே நானும் உன் புருஷனும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. நான் சுகம். திருப்பூரில் நீயும் பேத்தி பவதாரிணியும் நல்லபடியாக இருக்க வேண்டும். போனில் பேசினால் உன் புருஷன் செல்வக்குமார் காதில் விழும் என்றுதான் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள்தான், ஆனாலும் என் கடிதத்தை இன்னொருத்தர் எழுதித் தந்ததில்லை.

செல்லூரில் அவன் வேலை பார்த்த தறிக்கூடம் மூடியதிலிருந்து மாடியே கதி என்று கிடப்பது உனக்குத் தெரியும். நீ திருப்பூருக்கு வேலைக்குப் போன பிறகு பேச்சும் நின்றுவிட்டது. சோறு வேணுமா என்றால் தலையை ஆட்டுவான். போன வாரம் தானாக வந்து, “அம்மா, மாடியில தேனீ வளக்கலாம்னு இருக்கேன்” என்றான். செல்போனில் பார்த்திருக்கிறான். இம்புட்டு நாள் கழித்து வாயைத் திறந்து கேட்டது அது ஒன்றுதான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சோழவந்தானில் அழகுமலை என்பவர் தென்னந்தோப்பில் தேனீ வளர்த்துப் பெட்டியோடு விற்கிறார். இரண்டு பேருமே போனோம். கத்தரிக்காய் வாங்கினாலே சொத்தையாகப் பொறுக்கி வருகிறவனைத் தனியாக அனுப்ப முடியுமா? அவர் இரண்டு வகை காட்டினார். ஒன்று, மரச்சட்டங்கள் அடுக்கிய பெரிய பெட்டி. தேன் நிறைய வரும், தேனீ கொட்டும். இன்னொன்று கொசுத்தேனீ. ஈயைவிடச் சின்னது, கையகலப் பெட்டிக்குள் குடியிருக்கும், கொட்டவே கொட்டாது. ஆனால் வருஷத்துக்கு ஒரு டம்ளர் தேன் வந்தால் பெரிது.

செல்வக்குமார் பெரிய பெட்டியின் சட்டத்தைத் தூக்கிப் பார்த்தான். எறும்பு ஏறுமா, வெயில் தாங்குமா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். தறியைப் பிரித்துப் பார்க்கும்போது வருமே ஒரு முகம், அது திரும்ப வந்தது. அப்போது அழகுமலை, “கொட்டுனா ஒத்துக்காதவக வீட்டுல யாராச்சும் இருக்காகளா தம்பி?” என்று கேட்டார். “யாரும் இல்லண்ணே, நானும் அம்மாவுந்தான்” என்று சொன்னான் உன் புருஷன்.

தாயி, அவன் அப்படிச் சொல்லலாமா? மாசிக் களரிக்குக் குலசாமி கோயில் போன இடத்தில் கதண்டுக் குளவி கொட்டி, பவதாரிணிக்கு முகம் வீங்கி மூச்சு இழுத்தபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவனே இவன்தானே. மறந்துபோய்ச் சொல்லவில்லை. நீங்கள் வரமாட்டீர்கள் என்று முடிவுகட்டிச் சொல்கிறான். எம் பேத்தி இருக்கா, அவளுக்கு ஆகாது என்று நான் சத்தமாகவே சொன்னேன். “அவ எங்கம்மா இங்க இருக்கா?” என்று கேட்டுவிட்டுத் தோப்புக்கு வெளியே போய் நின்றுகொண்டான்.

நான் கொசுத்தேனீயைத்தான் எடுத்தேன். பொழுது சாய்ந்து எல்லாம் உள்ளே அடைந்ததும் அழகுமலை பெட்டி வாசலை வலையால் கட்டித் தந்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்து வந்தான். பக்கத்து வீட்டுத் தங்கப்பொண்ணு பார்த்துவிட்டு, “கொட்டாத தேனீ, பேசாத மகன், நல்ல சோடிதான் மதினி” என்றாள். எம் மகன் பேச ஆரம்பிச்சா நீதான் காதைப் பொத்திக்கிருவ என்று அனுப்பிவிட்டேன். உள்ளே வந்துதான் அழுதேன்.

கோபத்தில் பெட்டியை மூலையில் போட்டுவிடுவானோ என்று பயந்தேன். மறுநாள் மாடி ஏறிப் பார்த்தால், பழைய கம்பியை வளைத்து ஸ்டாண்டு செய்து, எறும்பு ஏறாமல் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்து, நிழலில் நிறுத்தியிருக்கிறான். ஆனால் ரொம்பத் தாழ்வு. ஏண்டா இம்புட்டுத் தாழ்வா வச்சிருக்க என்று கேட்டேன். கிண்ணத்துக்குத் தண்ணீர் எடுக்கக் கீழே இறங்கிவிட்டான். அதுகள் வாசலில் வந்துபோவதைப் பார்க்க எனக்கு முதுகு வளைகிறது. அவனும் குத்தவைத்துத்தான் பார்க்கிறான். பவதாரிணி என்றால் நின்றபடியே பார்ப்பாள்.

நீ பஸ் ஏறிய அன்று அவன் வாசலுக்குக்கூட வரவில்லை. அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். உன் வேலையை விட்டுவிட்டு வா என்றும் கேட்க மாட்டேன். பள்ளிக்கூட லீவில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒரு நடை வந்து போ. மாடிக்கு அவளைத் தைரியமாக அனுப்பலாம். கொட்டுகிற எதையும் நான் வீட்டுக்குள் விடவில்லை.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் இருக்கணும்.

உன் அத்தை,
சோலையம்மாள்.