ஆய்வுக்காகக் கட்டிய வலை

12-8-96, திங்கள்

மழை இல்லை. காற்று மட்டும்.

உறுதியானது: பல்லடம் பக்கத்து விடுதிப் பள்ளியில் மாணவிகளின் வாலிபால் அணியைக் கலைத்துவிட்டார்கள். சொன்னவர் தாளாளரே. "பிளஸ் டூ ரிசல்ட்டுத்தானுங்க ஊர்ல பேசும். பந்தா பேசும்?" கால அட்டவணையில் விளையாட்டு வகுப்பு இருக்கிறது, அந்த நேரத்தில் கணக்கு நடத்துகிறார்கள். பதினோராம் வகுப்புப் பாடமே கிடையாது, நேராகப் பன்னிரண்டு. அதையும் பெருமையாகச் சொன்னார். காபி நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சல்.

அணித் தலைவி கவிதா, பிளஸ் ஒன். அப்பாவுக்கு விசைத்தறி. தறிச் சத்தத்தில் அவரும் நானும் கத்தித்தான் பேசினோம். "ஏனுங்க, பந்தாடுனப்ப அவளே எந்திரிச்சுக்குவா. தம்பிக்குப் பாடம் சொல்லிக் குடுப்பா. இப்ப லீவுக்கு ஊட்டுக்கு வந்தா செவுத்தப் பாத்துப் படுத்துக்கறா. சோறு வேண்டாங்கறா. மார்க்கும் எறங்கிப்போச்சு."

பள்ளியில் கேட்க வேண்டியதுதானே என்றேன்.

"கேட்டா டி.சி.யக் குடுத்துப்போடுவாங்க."

13, செவ்வாய்

செருப்பு அறுந்தது. தைக்க வேண்டும்.

பள்ளியில் கல்வி அதிகாரி ஆய்வு. என்னையும் அழைத்திருந்தார்கள், பத்திரிகையில் படம் போடுவேன் என்று. எங்கும் புதுச் சுண்ணாம்பு. மைதானத்தில் வலை. கலைத்த அணிக்கே உடுப்புக் கொடுத்து, இரண்டாகப் பிரித்து நிறுத்தியிருந்தார்கள். தாளாளர் பெண்களிடம்: "கண்ணுங்களா, அய்யா எளனி குடிக்கற வரைக்கும் ஆடுங்க. அப்பறம் கிளாசுக்குப் போயிரோணும்." என் முன்னாலேயே. கூச்சமே இல்லை.

அதிகாரி குடித்து முடித்தார். விசில். ஒருத்தியும் நகரவில்லை. கவிதா சர்வீஸ் போட்டாள். மறுபடி விசில்.

"போதும் அம்மணி, உள்ள போங்க" என்றார் தாளாளர்.

"கேம் முடியலீங்க சார்" என்றாள் கவிதா. "பதிமூணு பன்னண்டுங்க."

வலைக்கு அப்பாலிருந்து ஒருத்தி: "இப்ப நிப்பாட்டுனா நாங்க செயிச்ச மாதிரி."

"ஆசையப் பாரு. பந்தப் போடு."

'ஆடட்டும்' என்று அதிகாரி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கடிகாரத்தைப் பார்த்தார், காரில் ஏறினார். பெண்கள் ஆடி முடித்தார்கள். கவிதாவின் பக்கம் தோற்றது. சுவரைப் பார்த்துப் படுக்கும் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மாலையில் அவள் அப்பாவை அழைத்துவர ஆள் போயிற்று.

14, புதன்

செருப்பு தைத்தாயிற்று. செய்தி எழுதிக் கொடுத்தேன். பத்திரிகை ஆசிரியர் இருமுறை படித்தார். "நல்லாத்தானுங்க இருக்குது. சுதந்திர தின மலர் முடியட்டுமே."

மலரில் அந்தப் பள்ளியின் முழுப்பக்க விளம்பரம். அச்சுக்குப் போகும் பக்கத்தைப் பார்த்தேன். நடுவில் கவிதா, கையில் போன வருடக் கோப்பை. கீழே, பெரிய எழுத்தில்: படிப்போடு விளையாட்டும்.

மதியம் சாப்பிடவில்லை.

மாலை, தறிக்காரரைப் போனில் பிடித்தேன். மன்னிப்பு எழுதித் தரச் சொன்னார்களாம். மகள் மாட்டேன் என்றுவிட்டாளாம். அவளை அவரோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். "என்ன பண்றதுங்க. ஆனா நேத்து ராத்திரி ரெண்டு தடவ சோறு வாங்கித் தின்னா."

விளம்பரப் படம் நாளை வரும். டி.சி. கொடுப்பதா வேண்டாமா என்று நிர்வாகக் குழு வெள்ளிக்கிழமை முடிவு செய்யும். என் செய்தி அதற்கப்புறம்.