சாப்பிட்டியாடி என்று கேட்க இருந்தேன்

சின்னவளே,

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: உன் அண்ணன், அண்ணி, அதுவரை நான் வாசல் மிதிக்க விடாத உன் புருஷன், நான் முதல்முதலாகப் பார்த்த உன் மகள், நீ, நான்.

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து வந்து, "ஒரு வார்த்தை பேசும்மா" என்றாய். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது.

"அம்மா வாய்க்குப் பூட்டுப் போட்டு சாவியையும் முழுங்கிட்டாங்க, நீ கிளம்புடி" என்றான் உன் அண்ணன். நீ அழுதுகொண்டே படியிறங்கினாய். "சாப்பிட்டியாடி" என்றுதான் கேட்க இருந்தேன்.

மறுநாள் மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் விரல்களைக் கோணலாக்கிய முடக்குவாதம், தொண்டைக்குள் குரலை அசைக்கும் சின்ன மூட்டுகளையும் இறுக்கிவிட்டதாம். ஒரு மாதமாகக் குரல் கம்மியதைச் சளி என்றே நினைத்திருந்தேன். இனி குரல் வருமா என்று எழுதிக் காட்டினேன். "முதல்ல மூச்சைக் காப்பாத்துவோம் பாட்டி" என்றார் டாக்டர்.

உன் அண்ணன் மேல் கோபமில்லை. கோபம் வந்தால் அம்மா பேசமாட்டாள் என்று அவனைப் பழக்கியது யார்? உன் காதல் விஷயத்தை என்னிடம் போட்டுக்கொடுத்த உன் அத்தையைக்கூட மன்னித்துவிட்டேன். குரல் நன்றாக இருந்த ஆறு வருஷமும் உன்னோடு பேசாதிருந்தாளே ஒருத்தி, அவளை மன்னிக்க மாட்டேன்.

அவளேதான்,
உன் அம்மா