எங்கள் வீட்டு முறை வந்த வாரம்

மார்ச் 11, திங்கள்

வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. முதல் ஷிப்ட். வரும் வழியில் தக்காளி, கறிவேப்பிலை, மகள் கவிதாவுக்கு ஹேர்பின். ஹேர்பின் மறந்துபோச்சு.

நாளை முதல் சின்னமணிக்குச் சாப்பாடும் படுக்கையும் எங்கள் வீட்டு முறை. ஹனூர்ப் பக்கத்துப் பெண். அவள் புருஷனும் அண்ணன் மாதையனும் கோடையில் காட்டிலாகாவுக்குத் தீ அணைக்கப் போகும் தினக்கூலிகள். போன மாதம் மாதேஸ்வரன் மலைக் காட்டில் காற்று திடீரென்று திரும்பியதில் புருஷன் தீயில் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டான். மாதையன் இங்கே பெரியாஸ்பத்திரியில், இரண்டு கையிலும் கட்டு. அவன் மனைவி நிறைமாதம். அதனால் காரியம் முடிந்த கையோடு இவள் வந்துவிட்டாள், அண்ணனுக்குச் சோறு ஊட்ட.

இந்தக் கன்னட ஊரில் எங்கள் காலனித் தமிழ்க் குடும்பங்கள் முறைவைத்து இவளைக் கவனிப்போம் என்று கூட்டத்தில் எழுந்து பேசியது நான்தான். நம்ம காட்டுக்காகப் போனவர்கள், நாம் பார்க்காவிட்டால் யார் பார்ப்பது என்றேன். கை தட்டினார்கள். நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தால் மனைவி முகம் சரியில்லை. வெள்ளிக்கிழமை கவிதாவைப் பெண் பார்க்க மண்டியாவிலிருந்து வருகிறார்களாம். மூன்று இடம் தட்டிப்போன பிறகு வருவது.

"அந்தப் பொண்ணு மேல எனக்கு ஒண்ணும் இல்லீங்க. ஆனா தாலி எடுத்து ஒரு மாசம்கூட ஆகல. அவ கூடத்துல இருக்கறப்ப அவங்க வந்து உக்காரணுமா?"

கோபப்பட்டிருக்க வேண்டும். யோசிப்போம் என்றேன்.

மார்ச் 12, செவ்வாய்

ஷிப்ட் முடிந்து நேரே ஆஸ்பத்திரி, கையில் கேரியர். வார்டு வாசலில் சின்னமணி முதுகு காட்டி நின்றிருந்தாள். சின்னப் பர்ஸைத் திறந்து, மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து நெற்றியில் வைத்தாள். தலைப்பைக் கழுத்தைச் சுற்றி இழுத்து மூடிக்கொண்டாள். அப்புறம்தான் என்னைப் பார்த்தாள்.

"அண்ணனுக்கு இன்னும் தெரியாதுங்கண்ணா. இப்பச் சொல்ல வேண்டாம்னு டாக்டர் சொல்லீட்டாருங்க. அவரு காட்டுலயே காவல் இருக்காரு, மழ பேஞ்சாத்தான் லீவுன்னு சொல்லி வெச்சிருக்கறனுங்க."

வெளியே வந்ததும் பொட்டு திரும்பவும் பர்ஸுக்குள் போய்விடுமாம். தினமும் இப்படித்தான்.

இதைக் கேட்ட பிறகும் என் வாயில் வந்தது என்ன? உகாதி வருகிறது, வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், சாமானெல்லாம் வெளியே கிடக்கிறது, இந்த வாரம் மட்டும் இங்கேயே சமாளித்துக்கொள்ளம்மா. நாக்கு கூசவில்லை.

அதுக்கென்னங்கண்ணா, வராண்டாவில் நல்ல காத்து என்றாள். கொசுவும் நல்ல கொசு. பார்த்தேன்.

மார்ச் 13, புதன்

சைக்கிள் பஞ்சர். மனைவி கேரியரில் அவரைக்காய்ப் பொரியலோடு இரண்டு மைசூர்பாகும் வைத்திருந்தாள். அவளுக்கும் உறுத்துகிறது போல.

பக்கத்து வீட்டுச் செல்வராஜ், அந்தப் பெண் உங்கள் வீட்டில் சௌகரியமாக இருக்கிறாளா என்றான். இருக்கிறாள் என்றேன்.

மார்ச் 14, வியாழன்

ரவை, முந்திரி, பூ சொல்லியாச்சு. பக்கத்து வீட்டு நாற்காலி இரண்டு. கவிதா கேட்டாள்: "அப்பா, அந்த அக்கா பரல்வா?" வரமாட்டாளா என்று. இவளுக்குத் தமிழைவிடக் கன்னடம்தான் சட்டென்று வருகிறது. அடுத்த வாரம் வருவாள் என்றேன். ஏன் என்று கேட்டாள். ஹேர்பின் வாங்கிக் கொடுத்துவிட்டு நழுவினேன்.

மார்ச் 15, வெள்ளி

எழுதவே கை வரவில்லை.

பையன், அப்பா, அம்மா, ஒரு அத்தை. பையன் தங்கமானவன், தலையே நிமிரவில்லை. கேசரி ஆகிக்கொண்டிருந்தது. கேட் சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சின்னமணி. ஒரு கையில் வாளி நிறையச் சுண்ணாம்பு, இன்னொரு கையில் வெள்ளையடிக்கிற மட்டை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வீடு கட்டுகிறவர்களிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். தினமும் சோறு போடுகிற வீட்டுக்கு ஒரு கை கொடுக்கலாம் என்று.

முதலில் சுவரைப் பார்த்தாள். போன வருஷம் அடித்த டிஸ்டெம்பர், ஒரு கீறல் இல்லை. பிறகு வாசலில் கிடந்த புதுச் செருப்புகளை. பிறகு கதவில் மாலையை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. திரும்பிப் போயிருக்கலாம். அதற்குள் பையனின் அம்மா யாரது என்று எழுந்து வாசலுக்கு வந்துகொண்டிருந்தார். சின்னமணி வாளியைக் கீழே வைத்தாள். பர்ஸைத் திறந்தாள். பொட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். தலைப்பை இழுத்துக் கழுத்தை மூடினாள். எங்கள் வீட்டு கேட்டில்.

"வெள்ளையடிக்க வந்த ஆளு" என்றேன். நான்தான் சொன்னேன், வேறு யாரும் இல்லை.

"ஆமாங்க. பின்னாடி காம்பவுண்டுல இருந்து ஆரம்பிக்கறனுங்க" என்று சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

பையனின் அம்மா மறுபடி உட்காரக்கூட இல்லை. என் மனைவி கையைப் பிடித்துக்கொண்டார். "வாசலுக்கு வந்ததும் பொட்டு வெச்ச பொம்பள எதிர்ல வந்துட்டா. இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்?" அங்கேயே கவிதா தலையில் பூ வைத்தார். கவிதா சிரித்தாள். மனைவி சமையலறைக்குள் போனவள் வெகுநேரம் வரவில்லை. பின்பக்கம் மட்டை உரசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்து பார்த்தேன். சுவர் முழுக்க அடித்து முடித்து, வாளியைக் கழுவி எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

மார்ச் 16, சனி

லீவு போட்டேன். பின்சுவர் காய்ந்து பளிச்சென்று இருக்கிறது. பார்க்க முடியவில்லை.

மனைவியே சொன்னாள், போய்க் கூட்டிக்கொண்டு வாங்க என்று. ஆஸ்பத்திரி வாசலில் சின்னமணி. மன்னிப்புக் கேட்கிற மாதிரி எதையோ ஆரம்பித்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"பொண்ணுக்கு அமைஞ்சுதுங்களாண்ணா?"

தலையாட்டினேன். முகம் நிஜமாகவே மலர்ந்தது. வீட்டுக்கு வாம்மா என்றேன். வருகிறேன், அதற்கு முன்னால் ஒரு உதவி என்றாள்.

"அண்ணன் ராத்திரியெல்லாம் அவரக் கேட்டுட்டே இருந்துச்சுங்க. நான் சொன்னா இப்ப நம்ப மாட்டேங்குது. எனக்கு அழுக வந்துருதுங்க. நீங்க வந்து சொன்னா நம்புமுங்கண்ணா."

பர்ஸைத் திறந்தாள். பொட்டு வைத்துக்கொண்டாள். இருவரும் உள்ளே போனோம். மாதையன் என்னையே பார்த்தான்.

உன் மாப்பிள்ளையை நேற்றுத்தான் பார்த்தேன், நன்றாக இருக்கிறான் என்றேன். நம்பினான்.